மரணக் கிணற்றுக்கு மொய்

ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் கூட்டத்தில் என்ன நடந்தது என்று இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் அந்தப் பாதிப் பேரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. திருவிழா மைதானத்து மரணக் கிணற்றில், அதாவது வட்டமான பலகைச் சுவரில் வண்டி ஓட்டிக் காட்டுகிற சாகசத்தில், அடிபட்ட இரண்டு பேருக்கு உண்டியல் வைத்து ஊரே காசு சேர்ப்போம் என்று கேட்டேன். அதற்கு வந்த பதிலில் ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதுகிறேன். மூன்று நாளாக மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

"சாவுக்குன்னே கிணறு கட்டி அதுல வண்டி ஓட்டினவனுக்கு ஊரு எதுக்குங்க மொய் வைக்கணும்?"

சிரித்தார்கள். சொன்னவரை விடுங்கள், அவர் காட்டேஜ் கட்டின நாளிலிருந்தே அப்படித்தான் பேசுகிறார். சிரித்தவர்களில் நான்கு பேரை எனக்குத் தெரியும். நான்கு பேரும் விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கிணற்றின் மேல் தட்டில் என் பக்கத்தில் நின்று விசில் அடித்தவர்கள். அதில் ஒருவர் (பெயர் போட மாட்டேன், பயப்பட வேண்டாம்) ஐம்பது ரூபாய் நோட்டைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தார். அந்தப் பையன் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, சுவரில் சுற்றிக்கொண்டே வந்து கையை நீட்டுகிற நேரம் பார்த்து இவர் நோட்டை அரையடி மேலே தூக்குவார். பையன் அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி வருவான். மறுபடி அரையடி. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், என் மகளும் கை தட்டினாள். நான்காவது சுற்றில் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் விழுந்தான். ஈரப் பலகையில் பைக் வழுக்கி, கீழே ஓடிக்கொண்டிருந்த மாருதி 800 மேல். அந்தக் கார் ஜன்னலில் உட்கார்ந்து கைகளை விரித்துக்கொண்டிருந்தவருக்கும் அடி.

இப்போது சொல்லுங்கள், அவன் சாவோடு விளையாடினானா, இல்லை நாம் அவனை வைத்து விளையாடினோமா?

வண்டி சுவரில் ஒட்டிக்கொண்டு ஓடுவதில் மாயமந்திரம் எதுவும் கிடையாது. வேகமாகச் சுற்றும்போது சக்கரம் பலகையை அழுத்தும், அந்த அழுத்தத்தில் வருகிற உராய்வுதான் ஆளையும் வண்டியையும் தாங்குகிறது. வேகம் குறைந்தால் சறுக்கும். பலகை நனைந்தாலும் சறுக்கும். சமவெளியில் இந்தப் பிரச்சினை மழை பெய்தால்தான். நம் நீலகிரியில் மழையே வேண்டாம், நாலு மணிக்கு மேகம் இறங்கினால் போதும், கம்பியில் சொட்டுகிறது, தார்ப்பாயில் சொட்டுகிறது, துவைத்துப் போட்ட துணி மூன்று நாளைக்குக் காயாது. இது மைதானத்தைக் குத்தகைக்கு விட்டவர்களுக்குத் தெரியாதா? ஷோ நடத்துகிற முதலாளிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு லீவு நாள், கூட்டம் இருந்தது. கூட்டம் என்றால் யார்? நாம்.

"டிக்கெட் வாங்கித்தானே பார்த்தோம், கணக்கு அங்கேயே தீர்ந்தது" என்று ஒருவர் எனக்குப் புரிய வைத்தார். நன்றி. டிக்கெட் காசு முதலாளிக்குப் போகிறது ஐயா. ஓட்டுகிறவனுக்கு நாள் கூலியும், அப்புறம் நீங்கள் அரையடி தூக்கிக் காட்டுகிற அந்த நோட்டும்தான்.

மொய் என்ற வார்த்தையைக் கேலியாகச் சொன்னார் இல்லையா, எனக்கு அந்த வார்த்தையே போதும். மொய் தானம் இல்லை. வாங்கினதைத் திருப்பி வைப்பதற்குத்தான் மொய் என்று பெயர், அதனால்தான் நோட்டுப் போட்டு எழுதுகிறோம். அந்த மேல் தட்டில் நின்று கை தட்டின ஒவ்வொருவரும் அவனிடமிருந்து ஒன்றை வாங்கியிருக்கிறோம். வயிற்றுக்குள் ஜிவ்வென்று ஒன்று ஏறியதே, அது. திருப்பி வைப்போம் என்றுதான் கேட்டேன். வீட்டை எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை.

சரி, வேறு ஒரு விஷயத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 21, துபாய் விமானக் காட்சியில் நம் தேஜஸ் போர் விமானம் விழுந்து விங் கமாண்டர் நமான்ஷ் சியால் இறந்தார். சூலூர் விமானப் படைத் தளத்தில் பணியில் இருந்தவர். சூலூர் என்றால் நமக்கு மலை இறங்கினால் வருகிற ஊர். அன்று ராத்திரி இதே ஆட்கள் எல்லாரும் மெழுகுவர்த்திப் படம் வைத்தார்கள், நானும் வைத்தேன், மனசு நிஜமாகவே கனத்தது. ஒருவராவது "வானத்தில் குட்டிக்கரணம் போடப் போனவருக்கு நாம் ஏன் அழ வேண்டும்" என்று கேட்டாரா? கேட்டிருந்தால் செருப்பால் அடித்திருப்போம், அது நியாயமும்கூட. 2019 பிப்ரவரி 19, பெங்களூரு எலகங்காவில் ஒத்திகையின்போது விமானப் படையின் சூர்ய கிரண் சாகசக் குழுவின் இரண்டு ஹாக் விமானங்கள் மோதி ஒரு விமானி இறந்தார், இரண்டு பேர் எகிறிக் குதித்துக் காயத்தோடு பிழைத்தார்கள். அவர்களையும் யாரும் "உன்னை யார் அங்கே போகச் சொன்னது" என்று கேட்கவில்லை.

வந்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். "ராணுவ வீரரும் திருவிழா வித்தைக்காரனும் ஒன்றா?"

ஒன்றில்லை. நான் ஒன்று என்று சொல்லவும் இல்லை. ஒருவர் நாட்டுக்கு உழைத்தவர், வருடக்கணக்கில் பயிற்சி பெற்றவர், அவர் குடும்பத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஆனால் அந்த மத்தியானம் துபாயில் அவர் செய்துகொண்டிருந்தது பார்க்க வந்தவர்களுக்காக ஒரு சாகசம். இவனும் செய்தது பார்க்க வந்தவர்களுக்காக ஒரு சாகசம். அவருக்குப் பின்னால் ஒரு நாடு நிற்கிறது. இவனுக்குப் பின்னால் நிற்கக்கூடியவர்கள் பார்த்தவர்கள் மட்டும்தான், நாமோ கூட்டம் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு வித்தியாசம் நானும் ஒப்புக்கொள்கிறேன், ஹாக்கில் எகிறிக் குதிக்க சீட் இருக்கிறது, இவன் ஓட்டின ஆர்எக்ஸ் 100 பைக்கில் இல்லை.

துபாயில் அன்று விபத்துக்கு அப்புறமும் காட்சியைத் தொடர்ந்தார்கள். அமெரிக்க விமானப் படையின் எஃப்-16 சாகசக் குழுவும் இன்னும் சிலரும் தங்கள் கடைசி நிகழ்ச்சி வேண்டாம் என்று ரத்து செய்தார்கள். அதே தொழில் செய்கிறவனுக்குத்தான் அதன் வலி தெரியும்போல. நம் மைதானத்தில் ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் ராட்டினத்தில் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு வலித்தது, இந்தச் சிரிப்பு நம் ஊரில் வந்தது. 2021 டிசம்பர் 8 மறந்துவிட்டதா? குன்னூர் பக்கத்து நஞ்சப்பசத்திரத்தில் விமானப் படை ஹெலிகாப்டர் விழுந்தபோது உள்ளே இருந்தது முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் என்று அங்கே ஓடினவர்கள் யாருக்கும் தெரியாது. மூடுபனி, மரம் எரிகிறது, குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வீட்டில் போர்த்திக்கொள்ள வைத்திருந்த கம்பளியையும் பெட்ஷீட்டையும் கொடுத்து, அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டிசம்பரில் நம் ஊரில் ஒரு கம்பளி என்றால் என்னவென்று கீழ்நாட்டுக்காரர்களுக்குப் புரியாது. 14 பேரில் குரூப் கேப்டன் வருண் சிங் மட்டும் ஒரு வாரம் போராடினார், அவரும் 15-ஆம் தேதி போய்விட்டார். பிறகு ராணுவத்தார் அந்த ஊருக்கே வந்து நன்றி சொல்லி, கம்பளி கொடுத்துவிட்டுப் போனார்கள். நாம் எல்லாரும் எவ்வளவு பெருமையாக எழுதினோம், "இதுதான் எங்க நீலகிரி" என்று. அந்தப் பதிவுகள் இன்னும் இருக்கின்றன, தேவைப்பட்டால் தேடி எடுத்துக் காட்டுகிறேன்.

கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடின ஒருவரும் முதலில் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று விசாரிக்கவில்லை.

ஆமாம், இன்சூரன்ஸ். அதையும் கேட்டார்கள். "அரசாங்கத் திட்டம் எவ்வளவோ இருக்கு, அதுல பார்த்துக்கட்டும்." விசாரித்துவிட்டுத்தான் பேசுகிறேன். முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிற 'இன்னுயிர் காப்போம்' நல்ல திட்டம், எந்த மாநிலத்துக்காரனுக்கும் உண்டு, ஆனால் அது சாலை விபத்துக்கு. இவன் ஓட்டினது சுவரில். ரோட்டில் விழுந்திருந்தால் தகுதி இருந்திருக்கும், என்ன செய்வது, விவரம் தெரியாத பையன். காரில் இருந்தவர் தர்மபுரிப் பக்கம், அவருக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. பையன் உத்தரப் பிரதேசம், இருபத்திரண்டு வயது, தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு வாங்கவில்லை, அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் காப்பீடும் ஆஸ்பத்திரியும் எலும்புக்குத்தான், எலும்பு கூடுகிற வரைக்கும் சோற்றுக்கு? தர்மபுரிக்காரரின் மனைவிதான் அந்தக் கிணற்று வாசலில் டிக்கெட் கிழித்தவர். புருஷன் படுத்தால் அந்த வேலையும் போச்சு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வார்டு வராந்தாவில் படுத்திருக்கிறார்.

உத்தரப் பிரதேசம் என்று சொன்னவுடன் இரண்டு பேர் முகம் மாறினதையும் பார்த்தேன். "வடக்கத்திக்காரனுக்கு நாம..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்கள். முடித்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், முடிக்காததால் இங்கே சொல்கிறேன்.

என் அப்பாவை இந்த ஊரில் சிலோன்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பல் ஏறி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம். 1988-இல், நான் நான்காவது படிக்கும்போது, தேயிலை ஃபேக்டரியில் ரோலரில் அப்பாவின் வலது கை மாட்டி மூன்று விரல் போனது. இரவு ஷிப்ட், ஆள் குறைவு, இரண்டு ஆள் வேலையை ஒருவர் பார்த்தார். அடுத்த நாள் லைன் வீட்டு வாசலுக்கு வந்த மேஸ்திரி அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "கவனமா இருந்திருக்கணும்ல." அவ்வளவுதான், அதைச் சொல்லத்தான் வந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். அந்த டீயை ஏன் கொடுத்தார் என்று எனக்கு இன்றைக்கும் கோபம்.

அப்புறம் லைனில் வீட்டுக்கு வீடு காசு சேர்த்தார்கள். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய். மேல் ஹட்டி என்கிற படுகர் ஊரிலிருந்து ஒரு வீட்டு அம்மா ஒரு மூட்டை உருளைக்கிழங்கைத் தலையில் சுமக்க வைத்து அனுப்பினார், அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் அதற்கு முன்னால் பேச்சுவார்த்தைகூடக் கிடையாது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. என்னை உட்கார வைத்து என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுத வைத்தார், உருளைக்கிழங்கு ஒரு மூட்டை என்பது உட்பட. பிறகு ஒவ்வொரு வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சாவுக்கும் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி வைத்தார். உருளைக்கிழங்கைத் தர வந்தபோது அந்த அம்மா வாங்க மாட்டேன் என்றுவிட்டார், அதனால் அந்த ஒரு வரி மட்டும் அடிக்காமல் இருக்கிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவர் பேசும்போது எனக்குக் கேட்டது அவர் குரல் இல்லை. நான் ஏன் மைக்கை வாங்கிக் கத்தினேன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். கத்தியிருக்கக் கூடாது, சரி. நாற்காலியை உதைத்ததாகச் சொல்வது பொய், அது தானாக விழுந்தது.

இன்னொரு கேள்வியும் வந்தது. போன மழையில் தோட்டத் தொழிலாளி வீடு இடிந்தபோது எங்கே போனாய் என்று. நியாயமான கேள்விதான். ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன், அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குச் செய்யாததைக் காட்டி இன்றைக்கும் செய்யாதே என்கிறீர்கள், அது எந்த ஊர்க் கணக்கு?

"இப்படிக் கொடுத்தால் இன்னும் நாலு பேர் கிணறு கட்டுவான், தடை செய்யச் சொல்" என்பவர்களுக்கு: செய்யுங்கள். பாதி மனசு எனக்கும் அப்படித்தான் சொல்கிறது. நனைந்த பலகையில், ஹெல்மெட் இல்லாமல், ஒரு நாளைக்கு இத்தனை ஷோ என்று ஓட்டுவதைத் தாராளமாகத் தடை செய்யுங்கள், மனுவில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் பாருங்கள், திருவிழா நடந்த பத்து நாளும் ஒருவருக்கும் தடை ஞாபகம் வரவில்லை. உண்டியலைக் கண்டவுடன்தான் வந்தது.

நேற்று வரைக்கும் 41,300 ரூபாய் சேர்ந்திருக்கிறது. பேருந்து நிலையத்துப் பூக்காரம்மாக்கள், ஜீப் டிரைவர்கள், இரண்டு பேக்கரி, அரசுப் பள்ளிப் பிள்ளைகள். நோட்டை நீட்டினவர் ராத்திரி எட்டரை மணிக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் ஆயிரம் ரூபாய் வைத்துவிட்டு, பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதவில்லை. மற்ற மூன்று பேருக்கும் என் கடை எங்கே இருக்கிறது என்று தெரியும், ஒன்பது மணி வரைக்கும் திறந்துதான் இருக்கும்.

இன்று காலையில் பையனிடம் போனில் பேசினேன். அவனுக்குத் தமிழ் கொஞ்சம், எனக்கு ஹிந்தி அதைவிடக் கொஞ்சம். காசைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காடி, அண்ணா, காடி" என்றான் திரும்பத் திரும்ப. வண்டி அவனுடையதாம், முதலாளியுடையது இல்லையாம், மூன்று வருடக் கூலியில் வாங்கினதாம். போய்ப் பார்த்தேன். மைதானத்தில் கிணற்றைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஆர்எக்ஸ் 100 மட்டும் முன் சக்கரம் கோணி, சுற்றுச்சுவர் ஓரமாக மழையில் கிடக்கிறது. யாரிடமாவது பழைய தார்ப்பாய் ஒன்று இருந்தால் சொல்லுங்கள். பிக்கப் வைத்திருப்பவர்கள் யாராவது சாயங்காலம் ஒரு நடை வந்தால், என் கடைக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்திவிடலாம்.