ஜிப்சம் பலகை வீடு மழையில் கரைந்துவிடுமா?

கண்ணாடி இழை கலந்த ஜிப்சம் பலகைகளால் கட்டும் வீடு முதல் மழையிலேயே கரையும் என்றும், அதன்மேல் மாடி எழுப்பவே முடியாது என்றும் வாட்ஸ்ஆப்பில் ஒரு தகவல் பரவுகிறது. இது தவறு. பொய்க்கூரைக்கு மாட்டும் மெல்லிய ஜிப்சம் அட்டையோடு இதைக் குழப்பிக்கொண்டதால் எழுந்த அச்சம் என்றே தோன்றுகிறது.

இப்பலகை 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 124 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. நீரை விலக்கும் பொருள் சேர்த்து வார்க்கப்படுவது. உள்ளே மேலிருந்து கீழாக ஓடும் வெற்றறைகளில் கம்பி இறக்கி கான்கிரீட் நிரப்பும்போது, அது பாரம் தாங்கும் சுவராகிறது. சென்னை ஐஐடி வளாகத்தில் 2013-இல் இம்முறையில் நான்கு குடியிருப்புகள் கொண்ட இரண்டு தளக் கட்டடமே (தரைத்தளமும் அதன்மேல் ஒரு மாடியும்) எழுப்பப்பட்டது. குளியலறையிலும் மொட்டை மாடியிலும் நீர்க்கசிவுத் தடுப்பு கட்டாயம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் செங்கல் வீட்டுக்கும் அது வேண்டியதே.

இம்முறை பரவாததற்குக் காரணம் மழை அல்ல. பலகை வார்க்கும் ஆலைகள் மிகக் குறைவு. தூக்கி நிறுத்த கிரேன் வேண்டும், அது குறுகிய தெருவில் நுழையாது. எல்லாவற்றையும்விட, பலகைகள் ஆலையிலேயே அளவுக்கு வெட்டப்படுவதால் ஜன்னல், மின்குழாய் வரை அனைத்தையும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். தளம் போட்ட பிறகும் சுவரை இடித்து மாற்றும் நம் வழக்கத்துக்கு (மேஸ்திரிகளுக்கு இது நன்றாகவே தெரியும்) இதில் இடமில்லை.