டிஸப்பாயிண்ட் என்றால் மோசடி இல்லை

ஆங்கிலத்தில் 'டிஸப்பாயிண்ட்' (disappoint) என்றாலும் 'சீட்' (cheat) என்றாலும் ஏமாற்றுவதுதான், எதை வேண்டுமானாலும் போடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. 'சீட்' பண்ணுவதில் வஞ்சகம் உண்டு, தெரிந்தே செய்வது. டிஸப்பாயிண்ட்டுக்கு அது தேவையே இல்லை. எதிர்பார்த்தது நடக்காமல் போனாலே போதும். மழையால் ஆட்டம் நின்றால் ரசிகர்கள் டிஸப்பாயிண்ட் ஆவார்கள். மழை யாரையும் மோசடி செய்யவில்லையே!

தமிழில் ஏமாற்றுவதும் ஏமாற்றம் தருவதும் ஒரே வேரிலிருந்து வருவதால்தான் இந்தக் குழப்பம். மேலாளருக்கு 'யூ சீட்டட் மீ' என்று மெயில் அனுப்பினால் அது நேரடிக் குற்றச்சாட்டு. 'ஐ ஆம் டிஸப்பாயிண்டட்' என்றால் வருத்தம், அவ்வளவுதான்.

அப்புறம் அவர் தந்த உதாரணம், 'ஐ ஆம் டிஸப்பாயிண்டிங்'. இதற்கு 'எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது' என்று பொருள் வராது. 'நான் மற்றவர்களுக்கு ஏமாற்றம் தருகிற ஆள்' என்கிற மாதிரி ஆகிவிடும்! வருத்தப்படுபவர் 'டிஸப்பாயிண்டட்'; வருத்தம் தந்த படமோ முடிவோ 'டிஸப்பாயிண்டிங்'.

இன்னொன்று: 'டிஸப்பாயிண்டட் இன் யூ' என்பது கொஞ்சம் கனமானது. செய்த காரியத்தை விட்டுவிட்டு ஆளையே குறை சொல்வது போலக் கேட்கும். பார்த்துப் பயன்படுத்துங்கள்.