'உதவி' என்று சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் படத்திறப்பில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாட்களாக இருந்தேன். வந்திருந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள். வராதவர்களுக்குக் காணொளி வந்து சேர்ந்திருக்கும். நான் பந்தலை விட்டு எழுந்து போனதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுவதால், அதை நானே சொல்லிவிடுகிறேன். மேடையில் பேசிய பெரியவர், "ஆசிரியப் பணிக்கு இடையிலும் கணவருக்குத் தோட்ட வேலைகளில் உதவியாக இருந்த உத்தமி" என்றார். அந்த 'உதவி' என்ற சொல்தான் காரணம். சொத்துத் தகராறு, அண்ணனோடு மனத்தாங்கல் என்று நீங்கள் கேள்விப்பட்ட மற்றவை எல்லாம் சுவைக்காகச் சேர்க்கப்பட்டவை.

அம்மா உதவி செய்யவில்லை. அம்மா விவசாயம் செய்தார்.

தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகும் சாலையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் மூன்றரை ஏக்கர் நிலம். ஒன்றரை ஏக்கருக்குத்தான் தண்ணீர் பாயும், மிச்சம் மானாவாரி. மேட்டுக்காட்டில் இந்த ஆண்டு ராகியா கடலையா, வரப்போரம் துவரையா அவரையா, தக்காளி நாற்றை எந்த வாரம் நடுவது என்பதை முடிவு செய்தவர் அம்மா. விலை விழுந்து பறிகூலிகூடக் கட்டாது என்று தெரிந்த ஆண்டில், பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டு மாடுகளை அவிழ்த்துவிடச் சொன்னவரும் அவர்தான். அப்பா ஏர் ஓட்டினார், மருந்தடித்தார், மண்டிக்குப் பெட்டி ஏற்றிப் போனார். பாடுபட்ட மனிதர், மறுக்கவில்லை. ஆனால், 'உதவி' என்ற சொல்லை அந்த வீட்டில் யாருக்காவது சூட்டியே தீர வேண்டும் என்றால் அப்பாவுக்குச் சூட்டுங்கள். அவர் எழுந்து போகமாட்டார், சிரித்துக்கொள்வார்.

ஒரு சொல்லுக்காக இவ்வளவா என்று கேட்கிறார்கள். ஒரு சொல்தான். அம்மா 1983 முதல் 2014 வரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இருந்தார். அந்த 31 ஆண்டுகளில் அவர் பள்ளியில் செய்ததை, 'தலைமையாசிரியருக்கு உதவியாக இருந்தார்' என்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. அங்கே சம்பளம் வந்தது, வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது. தோட்டத்தில் இரண்டும் இல்லை. நில உரிமையைக் காட்டும் சிட்டாவில் அப்பா பெயர், பயிர்க் கணக்கு எழுதும் அடங்கலில் அப்பா பெயர், பயிர்க்கடன் புத்தகத்தில் அப்பா பெயர். ஆகவே அப்பா விவசாயி, அம்மா உதவி.

பெயரைத்தான் எழுதவில்லை, பணத்தை வாங்கிக்கொண்டார்கள். 1996-இல் அம்மாவின் சேமநல நிதியிலிருந்து முன்பணம் எடுத்து முதல் ஆழ்துளைக் கிணறு போட்டோம். 450 அடி வரை வெறும் புழுதிதான் பறந்தது. மூன்றாண்டு கழித்துத் தாலிக்கொடி தவிர மற்ற நகையை எல்லாம் அடகு வைத்து இரண்டாவது போட்டபோதுதான் தண்ணீர் வந்தது. ஊரில் இன்றுவரை அதன் பெயர் 'அவர் போட்ட போர்', அதாவது அப்பா போட்டது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலையிழந்தார்களே, அதில் அம்மாவும் ஒருவர். திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் வரை அவர் அழுது நான் பார்க்கவில்லை. விடிந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தரிக்குக் களை வெட்டப் போனார். அந்த வாரங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கத்தரியில்தான்.

அவருடைய கைகளைப் பற்றி மேடையில் யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். தக்காளி பறித்தவர்களுக்குத் தெரியும், செடியின் பச்சை விரலில் ஏறினால் சற்று நேரத்தில் கருத்துப் பிசுபிசுத்துவிடும், சோப்புக்கு அசையாது. விடியற்காலை நான்கரை மணிக்கு டார்ச் விளக்கை வரப்பில் வைத்துப் பறிக்க இறங்குவார். ஏழரைக்கு வந்து, சுவரோரம் கொட்டாங்குச்சியில் வைத்திருக்கும் பழம்புளியை எடுத்து விரல் விரலாகத் தேய்ப்பார். நகக்கண்ணில் மட்டும் கோடுபோல மிச்சம் இருக்கும். அந்தக் கையால்தான் கரும்பலகையில் 'அ' எழுதினார். மாலையில் அதே நகக்கண்ணில் சாக்கட்டியின் வெள்ளை ஏறியிருக்கும். அந்த வெள்ளையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் பேசினார்கள். கருப்பைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லை.

இனி, படத்திறப்புக் காணொளியைப் பார்த்துவிட்டு ஒருவர் எழுதிய, என்னைத் தூங்கவிடாத கருத்துக்கு வருகிறேன். 'அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு தோட்டம் பார்த்தவருக்கு விருதும் வேண்டுமாமே' என்று நேற்று எழுதியிருந்தார். ஐயா, அம்மா தோட்டத்தில் வேலை பார்த்ததெல்லாம் விடியலுக்கு முன்னும் இருட்டிய பின்னும். பள்ளி மணி அடிக்கும்போது அவர் பள்ளியில் இருந்தார். கட்டட வேலைக்குப் பெங்களூரு போன தாய் தகப்பன், பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுப் போவது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடப்பது. அந்தப் பாட்டிகளின் திண்ணையில் உட்கார்ந்து, ஆடு மேய்க்கப் போன பிள்ளையைக் கேட்டு வாங்கிவந்தவர் அவர். எங்கள் தண்ணீரில் ஃபுளூரைடு. பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் பழுப்பேறியிருக்கும், கையால் வாயை மூடிக்கொண்டே பேசுவார்கள். "குறை தண்ணீரில் இருக்கிறது, உன்னிடம் இல்லை; கையை எடுத்துவிட்டுப் படி" என்பார். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் வந்தது. அதற்கு மறு ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டார். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசியில் நின்ற மாவட்டம் இது. இங்கே 31 ஆண்டு 'அ' எழுதிப்போட்டவரைப் பார்த்துச் சம்பளத்துக்கு வேலை செய்தாரா என்று கேட்க உங்களுக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. நீங்கள் கருத்து எழுதும் அந்தத் தமிழ் எந்தத் தொடக்கப் பள்ளியில் கற்றது என்றும் கேட்கத் தோன்றுகிறது, கேட்கவில்லை.

மேடையில் பேசிய பெரியவர் நல்லெண்ணத்தில்தான் பேசினார் என்கிறீர்கள். இருக்கட்டும். நல்லெண்ணத்தோடு சொன்னாலும் தவறு தவறுதான். அப்பாவைச் சிறுமைப்படுத்துகிறாய் என்ற பெரியப்பாவுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கேட்டு அப்பா விண்ணப்பித்தபோது, மனைவிக்கு மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஓய்வூதியம் வருவதால் இந்தக் குடும்பத்துக்குக் கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள். விதி அப்படித்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த மூன்றரை ஏக்கர் சம்பந்தப்பட்ட ஒரு காகிதத்தில் அம்மா கணக்கில் வந்தது, அந்த ஒரு முறைதான். அதுவும் தள்ளுபடிக் காரணமாக.

என்னையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு படிவம் நிரப்பும்போது, தந்தை தொழில் விவசாயம், தாய் தொழில் ஆசிரியை என்று எழுதினேன். அம்மா பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து பரவாயில்லை" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அது உறைத்ததா, சிரித்துக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம், முப்பது ஆண்டுகளுக்கு மேல் நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரிடம் காட்டிய கோபத்தில் பாதி யாரிடம் காட்டியது என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அவர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

அம்மாவின் பழைய பாடக்குறிப்பேடுகள் பரணில் இருக்கின்றன. முன்பக்கத்திலிருந்து புரட்டினால் மூன்றாம் வகுப்புக் கணக்கு. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து புரட்டினால் தோட்டக் கணக்கு. பெட்டி எத்தனை, வண்டிவாடகை, மண்டிக் கமிஷன், ஆள்கூலி, எரு எத்தனை வண்டி, எந்தத் தேதியில் எத்தனை நேரம் மழை. ஓய்வுக்குப் பிறகு முன்பக்கம் வெறுமையாகிவிட்டது, பின்பக்கம் நிற்கவில்லை. கடைசிப் பதிவு, படுக்கையில் விழுவதற்கு முந்தைய நாள். கடலை விதைத்த நாள், விதையின் எடை, அதற்கடியில் 'கூலி பாக்கி மூன்று பேர், 900' என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தார்.

திங்கட்கிழமை அந்த 900 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூவரில் மூத்த அக்கா பணத்தை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு, "கடலைக்குக் களை எடுக்கிற பருவம் வந்திருச்சு, டீச்சரம்மா இல்லாம இனி யாரைக் கேட்டு ஆள் கூட்டியாரது?" என்றார். அப்பாவிடம் வந்து கேட்டேன். அந்தக் கடலையை என்றைக்கு விதைத்தது என்று அப்பா என்னைக் கேட்டார்.