டிஷ்யூ ஒட்டினால் மட்டும் நிழல் மென்மையாகாது
"கேமரா ஃப்ளாஷ் முகப்பில் டிஷ்யூ பேப்பர் ஒட்டினாலே ஒளி மென்மையாகிவிடும்" என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. டிஷ்யூ வெளிச்சத்தைக் குறைக்கும், நிழலின் விளிம்பைத் தொடாது. ஒளி கிளம்பும் பரப்பு பெரிதானால்தான் நிழல் மென்மையாகும்; இங்கே அது அதே தீப்பெட்டி அளவில்தானே இருக்கிறது? மூக்கு நிழலின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும். கடையில் விற்கும் வெள்ளை பிளாஸ்டிக் மூடியும் இதே கதைதான். வெள்ளைக் கூரையும் சுவரும் உள்ள அறையில் ஒளி நாலாபக்கமும் பட்டுத் திரும்புவதால் வேலை செய்யும். திறந்தவெளியில் பேட்டரிதான் வீண். வீட்டில் செய்வதென்றால் ஏ4 ட்ரேசிங் பேப்பரை அட்டைச் சட்டத்தில் ஒட்டி, ஃப்ளாஷுக்கு 20 செ.மீ. முன்னால் நிறுத்துங்கள். ஃப்ளாஷ் ஜூம் (ஒளியை விரிக்கவோ குறுக்கவோ செய்யும் அமைப்பு) 24 மி.மீ.யில், அதாவது விரிந்த நிலையில் இருக்கட்டும். 105-இல் விட்டால் தாளின் நடுவில் மட்டும் ஒளி விழும், பெரிய தாள் வைத்தும் பயனில்லை. டிஷ்யூ போட்டதும் படம் இருட்டடிக்கிறதா? மேனுவலில் (பவரை நாமே அமைக்கும் முறை) இரண்டு ஸ்டாப் குறைந்தால் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) பவரை நான்கு மடங்காக்க வேண்டும், அதாவது 1/16-லிருந்து 1/4. டிடிஎல் (லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து கேமராவே பவரை முடிவுசெய்யும் முறை) தானே ஈடுகட்டும், முழு பவரை எட்டும்வரை. ஆனால் முழு பவரில் அடுத்தடுத்து அடித்தால் முகப்போடு ஒட்டிய தாள் பழுப்பேறும், மெல்லிய பிளாஸ்டிக் இளகும். தாளுக்கும் ஃப்ளாஷுக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பூச்சிகளை மேக்ரோவில் (மிக நெருக்கத்தில்) எடுப்பவர்களுக்கு மட்டும் உள்ளங்கை அளவு டிஃப்யூசரே (ஒளியைப் பரப்பும் தாள் அல்லது மூடி) தாராளம், பூச்சி அதற்கு 10 செ.மீ. பக்கத்தில் இருப்பதால் அதுவே பெரிய பரப்புதான்.