சிறு குவளைகளில் பெங்களூரு

அலுவலக வேலையாக மாதத்துக்கு ஒருமுறையாவது பெங்களூருக்குப் போய் வருகிறேன். பகல் முழுவதும் கூட்டங்களில் கழிந்துவிடும். மாலை ஏழு மணிக்குப் பிறகு விடுதி அறையில் தொலைக்காட்சியைத் தவிர வேறு துணை இருக்காது. அப்படியொரு மாலையில் இந்திரா நகர் 100 அடி சாலையில் உள்ள டாய்ட் மதுக்கூடத்துக்குத் தனியாகப் போய், அங்கேயே காய்ச்சப்படும் கிராஃப்ட் பீர் வகைகளைச் சிறு குவளைகளில் வரிசையாக வாங்கிச் சுவைத்துப் பார்த்தேன். பீரின் சுவையை அறிய விரும்புகிறவர் எடுத்த எடுப்பிலேயே பெரிய குவளையை வாங்கக் கூடாது, சாம்ப்ளர் என்னும் இந்தச் சிறு குவளை வரிசையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற என் பிடிவாதம் அன்றைக்குத்தான் பிறந்தது.

டாஸ்மாக் கடையில் பீர் வாங்கிப் பழகிய என் போன்றவர்களுக்கு அந்தப் பானத்தைப் பற்றித் தெரிந்த கேள்விகள் இரண்டுதான்: 'ஸ்ட்ராங்கா?', 'கூலிங் இருக்கா?' பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்த எதிலும் நாக்குக்கு மணமோ சுவையோ சரியாகத் தெரியாது என்பதால், 650 மில்லி புட்டியை எத்தனை ஆண்டுகள் குடித்திருந்தாலும் பீர் எப்படி இருக்கும் என்று கேட்டால் 'கசக்கும்' என்பதைத் தாண்டி ஒரு சொல் எங்களிடம் இருக்காது. கஷாயத்தில் சுக்கு ஒரு சிட்டிகை கூடிவிட்டாலும் கண்டுபிடித்துவிடுகிற நாக்குக்கு இது நியாயமா?

முதலில் பாசுமதி அரிசி சேர்த்துக் காய்ச்சிய பாசுமதி பிளாண்டைக் குடித்தேன். மிக மென்மையானது, சற்று அவசரப்பட்டிருந்தால் தண்ணீர் என்றே நினைத்திருப்பேன். அடுத்தது டின்டின் டாய்ட். பெல்ஜிய 'விட்' வகையான அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்கின்றன. நம் வீட்டில் ரசப்பொடிக்கு வறுக்கும் அதே தனியாதான்! பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் இந்த வகையைக் காய்ச்சிய கடைசி ஆலை 1957இல் மூடப்பட்டு, அந்தப் பீரே வழக்கொழிந்துபோக இருந்த நிலையில், பியர் செலிஸ் என்ற பால்காரர் 1960களில் அதை மறுபடியும் காய்ச்சத் தொடங்கினார். இல்லாவிட்டால் தனியா மணக்கும் பீர் எனக்கு எங்கே கிடைத்திருக்கப் போகிறது?

கோதுமை பீரான வைஸில் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் மணந்தன. 'வாழைப்பழம் போடுகிறீர்களா?' என்று பரிமாறியவரிடம் கேட்டு அசடு வழிந்தேன். அந்த இரண்டு மணங்களையும் ஈஸ்ட்டே உண்டாக்குகிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற பீர் வகையின் கசப்பு ஹாப்ஸ் பூவிலிருந்து வருவது. வேப்பம்பூ ரசம் பிடித்தவர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும். கடைசியாக வந்த ஸ்டவுட் என்ற கரிய பீரில், கருக வறுத்த பார்லியின் காரணமாக, சிக்கரி தூக்கலான டிகாக்‌ஷனின் வாசனை இருந்தது. மென்மையானதில் தொடங்கிக் கசப்பும் கருமையும் கூடியதில் முடிக்கும் இந்த வரிசை முக்கியம். இன்னொரு பயணத்தில் ஐபிஏவை முதலில் குடித்துத் தொலைத்துவிட்டு, பிறகு வந்த எதிலும் ஒன்றும் தெரியாமல் விழித்திருக்கிறேன்.

பெங்களூருக்கும் பீருக்கும் உள்ள உறவு ராணுவக் கன்டோன்மென்ட் காலத்தது. தென்னிந்தியாவில் இருந்த சிறு ஆலைகளை இணைத்து, 1915இல் ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் லீஷ்மன் யுனைடெட் பிரூவரீஸைத் தொடங்கினார். அவற்றில் நம் நீலகிரியில் இருந்த காஸில் பிரூவரியும் ஒன்று. மதுக்கூடத்திலேயே காய்ச்சி ஊற்றும் மைக்ரோபிரூவரிகள் இந்நகரில் பெருகியதோ 2010க்குப் பிறகுதான்.

பெருகிய எல்லாமே உருப்படியானவை என்று சொல்ல மாட்டேன். பெயர் வேண்டாம், ஒரு கடையில் சாம்ப்ளர் கேட்டதற்கு, அதெல்லாம் வார நாட்களில் மட்டும்தான் என்று சொல்லி முழுக் குவளையைத் தலையில் கட்டினார்கள். அதுவும் வெண்ணெய் வாடை அடித்த பீர். பக்குவம் ஆவதற்கு முன்பே தொட்டியிலிருந்து இறக்கிவிட்டாலும் அந்த வாடை தங்கிவிடும் என்கிறார்கள் காய்ச்சத் தெரிந்தவர்கள். மைக்ரோபிரூவரி பீர் பெரும்பாலும் வடிகட்டாமலும் பாஸ்சரைஸ் செய்யாமலும் வருவது. நாள்பட வைத்திருக்கத் தாங்காது. பால் பாக்கெட்டில்கூடத் தேதி போடுகிறோம், இவர்களுடைய பலகையில் பீரின் பெயரோடு எத்தனை சதவீதம் ஆல்கஹால், எந்தத் தேதியில் காய்ச்சியது என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும்?

குவளை சிறியது என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். 100 மில்லி வீதம் ஆறு குடித்தால் கிட்டத்தட்ட ஒரு முழுப் புட்டி உள்ளே போய்விட்டது என்று பொருள். நான் மெட்ரோவில்தான் திரும்புவேன், அந்தப் பில்லை அலுவலகக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. அடுத்த வாரம் வைட்ஃபீல்டு பக்கம் வேலை இருக்கிறது. காய்ச்சிய தேதியைப் பலகையில் எழுதி வைக்கும் கடை அங்கே ஏதேனும் இருந்தால் நண்பர்கள் சொல்லுங்கள்.