ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

சனிக்கிழமை இஸகாயாவில் (ஜப்பானிய மதுக்கடை உணவகம்) நடந்த விருந்தின் பில்லை எல்லோருக்கும் சமமாகப் பிரித்தது பற்றி நம் டோக்கியோ தமிழர் குழுவில் நடந்த பேச்சை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "6,500 யென்னுக்கு இவ்வளவு பஞ்சாயத்தா?" என்று கேட்டவருக்குத்தான் இந்தப் பதிவு. பஞ்சாயத்து பணத்துக்காக இல்லை. ஆர்டர் கொடுக்கும் முன் சைவம் சாப்பிடும் தங்கச்சியிடமும் ஹலால் பார்க்கும் தம்பியிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதற்காக.

நான் வேலை முடித்து வந்து சேர்ந்தபோதே மேசை நிறைந்திருந்தது. படகுத் தட்டில் சஷிமி (பச்சை மீன் துண்டு), யாகிதோரி (குச்சியில் சுட்ட கோழி), காராஅகே (பொரித்த கோழி), பன்றிக்கறி போட்ட நாபே (சட்டியில் கொதிக்கும் குழம்பு). நானும் ரசித்துத்தான் சாப்பிட்டேன். இஸகாயா என்றாலே பல தட்டு வரவழைத்து நடுவில் வைத்து, ஆளுக்கொரு சின்னத் தட்டில் எடுத்துக்கொள்வதுதானே. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சைவம் சாப்பிடும் அந்தத் தங்கச்சி இரண்டு மணி நேரமும் எடமாமே (அவித்த பச்சை சோயா) உரித்துக்கொண்டிருந்தாள். ஹலால் பார்க்கும் தம்பிக்கும் அதேதான். கடைசியில் எல்லாருக்கும் சம பங்கு! அங்கேயே சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை.

"டோஃபு இருந்ததே, சாப்பிட வேண்டியதுதானே" என்கிறார் ஒருவர். இத்தனை வருஷம் டோக்கியோவில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? அகெதாஷி டோஃபு (பொரித்த டோஃபு) வருவதே தாஷி என்ற சாறில்தான். தாஷியைப் பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீனில் எடுக்கிறார்கள், நம் ஊர் மாசிக் கருவாட்டுக்கு அது அண்ணன் தம்பி மாதிரி. மிசோ சூப், சவான்முஷி (ஆவியில் வேகவைத்த முட்டைக் கலவை), தெம்புராவுக்குத் (மாவில் தோய்த்துப் பொரித்தது) தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அதுதான். குழம்பில் ஊற்றும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவில் ஆல்கஹால். கண்ணுக்குத் தெரியாமல் மீனும் மதுவும் சேரும் சமையல் இது. அதனால்தான் முதலிலேயே கேளுங்கள் என்கிறேன்.

நான் இங்கே வந்து சேர்ந்தது ஒரு புரட்டாசியில். ஆபீஸில் வரவேற்பு விருந்து. ஏற்பாடு செய்த ஜப்பானியப் பெண்மணி, சாப்பிடாதது ஏதாவது உண்டா என்று முன்கூட்டியே கேட்டார். கூச்சத்தோடு சொன்னேன். கடைக்குப் போன் போட்டுச் சொல்லிவைத்திருக்கிறார். எனக்கு மட்டும் காய்கறித் தெம்புரா, தொட்டுக்கொள்ள உப்பு. குளிர்ந்த டோஃபு, மேலே மீன் சீவல் இல்லாமல், இஞ்சியும் சோயா சாஸும் மட்டும். பில்லிலும் குடிக்காதவர்களுக்குக் குறைத்து, மேலதிகாரிகளிடம் கூடுதலாக வாங்கினார். "வாரிகன்தான் (பில்லைச் சமமாகப் பிரிப்பது) இங்கே வழக்கம்" என்று எனக்குப் பாடம் எடுப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பொதுத் தட்டிலிருக்கும் காராஅகேமீது எலுமிச்சை பிழியக்கூடப் பக்கத்திலிருப்பவரைக் கேட்கிற ஊர் இது.

"அப்போ இந்தியன் ரெஸ்டாரண்டுக்கே போயிருக்கலாமே" என்பதற்கெல்லாம் நான் பதில் சொல்லப்போவதில்லை. "சைவம் என்றாலே சாதிப் பெருமை" என்று எழுதினவரே, அந்தப் பெண்ணைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? புரட்டாசியில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள், அதில் எல்லாச் சாதியும் உண்டு. சரி, ஹலால் பார்க்கும் தம்பிமேல் எந்தப் பெருமையை ஏற்றுவீர்கள்?

எனக்கு வலிப்பது இதுதான். அப்போதுதான் அறிமுகமான அந்த ஜப்பானியப் பெண்மணிக்குத் தோன்றியது, வருஷா வருஷம் ஒன்றாகப் பொங்கல் வைக்கிற நமக்குத் தோன்றவில்லை. "அவங்களே சொல்லியிருக்கணும்" என்கிறீர்கள். புதிதாக வந்த பிள்ளைகள் மூத்தவர்கள் முன்னால் எப்படி வாய் திறப்பார்கள்? பணத்தை எடுத்து வைத்துவிட்டு "பரவாயில்லக்கா" என்றாளே, அந்த முகத்தை நீங்கள் யாரும் பார்க்கவில்லை.

டிசம்பரில் போனென்காய் என்ற ஆண்டிறுதி விருந்து வருகிறது. யார் எடுத்துச் செய்தாலும் சரி, கடையை முடிவு செய்யும் முன் அந்த இரண்டு பேரிடமும் கேளுங்கள். கேட்கவில்லையென்றால் என் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.