தியான வகுப்புக்கு முன்னால் லீவு ரிஜிஸ்டர்

வாரம் ஒரு நாள் தியான வகுப்பு, வரவேற்பறையில் புத்தர் சிலை. இவ்வளவும் வைத்துவிட்டால் அலுவலகம் புத்தர் வழியில் நடப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. தியானம் நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு வேலையை அனுப்பிவிட்டு, காலையில் மூச்சைக் கவனிக்கச் சொன்னால் என்ன நியாயம்? நிர்வாகம் திருத்திக்கொள்ள வேண்டியதை ஊழியர் தலையில் கட்டுகிறோம், அவ்வளவுதான்.

ஆள் வைத்து வேலை வாங்குபவர் என்ன செய்ய வேண்டும் என்று புத்தர் நேராகவே சொல்லியிருக்கிறார். ராஜகிருகத்தில் சிகாலன் என்ற இளைஞன், இறந்துபோன அப்பாவின் சொல்லுக்காக ஈரத் துணியோடு ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பெற்றோர், ஆசிரியர், மனைவி, நண்பர் என்று ஒவ்வொரு திசைக்கும் மனிதர்களைக் காட்டிய புத்தர், காலடித் திசையாக வேலையாட்களைச் சொன்னார். முதலாளி அவர்களுக்குச் செய்ய வேண்டியவை ஐந்து: சக்திக்கு ஏற்ற வேலை, சோறும் கூலியும், நோயில் கவனிப்பு, அபூர்வமாகக் கிடைக்கும் நல்ல பண்டத்தில் பங்கு, உரிய நேரத்தில் ஓய்வு. அடிமைகளை வைத்திருந்த சமூகத்தில் சொன்ன பேச்சு இது. வேலையாட்கள் பதிலுக்குச் செய்ய வேண்டிய ஐந்தும் வருகின்றன, ஆனால் இதற்குப் பிறகுதான். அந்த வரிசைதான் எனக்கு முக்கியம். நம் அலுவலகங்களில் முதலில் விசுவாசத்தைக் காட்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள்.

சக்திக்கு ஏற்ற வேலை என்பதை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒருவர் ராஜினாமா செய்கிறார். புதிதாக ஆள் எடுப்பதில்லை. "கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கோங்க" என்று அவர் வேலை பக்கத்து சீட்டுக்கு வருகிறது. கொஞ்ச நாள் ஒரு வருடமாகிறது. சம்பளம் அதேதான். கடைசியில் அப்ரைசலில் 'நேர நிர்வாகத்தில் கவனம் தேவை' என்று எழுதுகிறார்கள். சட்டப்படி யாரும் எதையும் திருடவில்லை. ஆனால் கொடுக்காததை எடுத்துக்கொள்ளாதே என்ற சீலம் (பௌத்த ஒழுக்க விதி) இங்கே உடைந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். அந்த மனிதரின் மாலை நேரங்களை அவர் கொடுக்கவில்லை, நாம் எடுத்துக்கொண்டோம்.

பேச்சும் அப்படித்தான். நல்ல பேச்சுக்குப் புத்தர் ஐந்து அடையாளம் சொல்கிறார்: காலம் அறிந்தது, உண்மையானது, மென்மையானது, பயனுள்ளது, அன்போடு சொன்னது. தாமதமான வேலையைப் பற்றி, பத்துப் பேரைக் காப்பியில் சேர்த்து, "இது ஏன் இன்னும் முடியவில்லை?" என்று ஒரு மெயில். அதில் உண்மை மட்டும்தான் இருக்கிறது, மற்ற நான்கும் இல்லை. அதே கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் பாதி நேரம் காரணமும் தெரியும், வழியும் பிறக்கும்.

ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, விஷம் ஆகியவற்றை விற்கக் கூடாது என்று புத்தர் சொன்னது பலருக்கும் தெரிந்த விதி. இவற்றில் எதையும் விற்காத நிறுவனம் அதோடு தன்னைச் சுத்தம் என்று எண்ணிக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இப்படியெல்லாம் பார்த்தால் தொழில் ஓடுமா என்று கேட்பார்கள். அமெரிக்காவின் யோங்கர்ஸ் நகரில் இருக்கும் கிரேஸ்டன் பேக்கரியை ஜென் பௌத்த ஆசிரியர் பெர்னி கிளாஸ்மன் 1982-இல் தொடங்கினார். வேலை வேண்டுமென்றால் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு வர வேண்டும். இடம் காலியானால் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். பயோடேட்டா கிடையாது, சிறைக்குப் போனாயா என்ற விசாரணையும் கிடையாது. பிரபலமான ஐஸ்கிரீம் நிறுவனத்துக்கு பிரவுனி செய்து கொடுக்கும் தொழில் அது, தர்ம சத்திரம் இல்லை. உழைத்துச் சம்பாதிப்பதையும் சம்பாதித்ததைப் பாதுகாப்பதையும் புத்தரே இல்லறத்தாருக்குச் சொல்லியிருக்கிறார். லாபத்தோடு அவருக்குச் சண்டை இல்லை.

அதனால் தியான வகுப்புக்கு ஆள் தேடும் முதலாளிகளிடம் ஒன்று கேட்கிறேன். முதலில் உங்கள் லீவு ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்கள். வருடம் முழுக்க லீவே எடுக்காதவர் யார், காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தவர் யார், ஏன் கேட்கத் தயங்கினார் என்று அவர்களிடமே விசாரியுங்கள். வகுப்பை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்.